சாலை வழித் தூரம்

பாரத்தில் ஒன்பது கேள்விகள்.
ஒன்பதும் தேறினால் உபின் தீவின் இந்தத் தகரக்கூரை
'தொலைநிலைச் சிறு மருத்துவமனை' ஆகும்:
மாதம் இருமுறை டாக்டர்,
ஒரு ஜெனரேட்டர்,
வாசலில் அரசாங்கப் பலகை.
தேறாவிட்டால் மூடிவிடலாம் என்று
மேலே யாரோ ஓரத்தில் எழுதியிருந்தார்.
பென்சிலில்தான். அதனால்
பார்க்காததுபோல் இருந்துகொண்டேன்.

கட்டில் எத்தனை? இரண்டு.
ஒன்றுக்கு ஒரு கால் கருங்கல்,
குவாரிக்காரர்கள் செதுக்கிக் கொடுத்தது.
பணியாளர்? மிஸ்ஸி கல்தோம்.
இரவுப்பணி?
"அதே கல்தோம்தான், தலை மட்டும் கலைந்திருக்கும்."
சிரிக்காமல் எழுதிக்கொண்டேன்.

நாலாவது கேள்வியில் குவாரியில் வெடி.
அலமாரிப் புட்டிகள் பல்லைக் கடித்தன.
அவள் நிமிரவில்லை; கை மட்டும்
தானாகப் போய்
ஊசிமருந்துச் சீசாவைப் பிடித்துக்கொண்டது.

காலாண்டுக்கு உள்நோயாளிகள் நாற்பது வேண்டும்.
பதிவேட்டில் முப்பத்தொன்பது.
விரலை நாக்கில் தொட்டு இரண்டு தரம் எண்ணினேன்.
பிரசவம், பிரசவம், கல் விழுந்த கை,
இறால் குட்டை மதகில் நசுங்கிய விரல்,
பிரசவம், பாம்பு,
பாம்பென்று பயந்த ஒருவர்.
"இவரை ஏன் சேர்த்தீர்கள்?"
"விடியும்வரை வீட்டுக்குப் போகமாட்டேன் என்றாரே."

ஏழாவது:
அருகிலுள்ள மருத்துவமனைக்குச் சாலை வழித் தூரம்,
மைலில்.

அவள் சன்னலைத் திறந்தாள்.
நீருக்கு அப்பால் சாங்கிக் கரையில் ஆஸ்பத்திரி.
கொடியில் காயும் விரிப்புகூடத்
தெரிவதுபோல் இருந்தது.
"சாலை இல்லையே" என்றேன்.
"இல்லை."
"அப்போது பூஜ்யம் போடவேண்டும்."
"பூஜ்யம் போட்டால்
பக்கத்து வீடு என்று படிப்பார்கள், என்சிக்."

பிறகு இன்னொரு நோட்டை எடுத்தாள்,
அமைச்சு கொடுக்காதது, பள்ளிப்பிள்ளை நோட்டு.
அதில் மைல் கிடையாது.
படகுக்காரர் அக்கரையில் தூக்கம்: மூன்று மணி பத்து நிமிடம்.
எதிர் நீரோட்டம்: ஒன்றரை மணி.
நீர் வற்றம், படகு சேற்றில்:
அதற்கு நேரே எண் இல்லை.
பேனா நின்ற இடத்தில் ஒரு மைப்பொட்டு.
அது யார் என்று நான் கேட்கவில்லை.

மாலையில் ஜெட்டிக்கு வந்தேன்.
பன்னிரண்டு பேர் சேர்ந்தால்தான் பம்போட் கிளம்பும்.
ஏழு பேர் இருந்தோம்,
ஒரு கூடைச் சேவலையும் சேர்த்தால் எட்டு.
கடல் படிக்கட்டை விட்டு இறங்கிக்கொண்டே போனது,
பாசி இருந்தது, என் சப்பாத்து புதுசு.

விழுந்த சத்தம் எனக்கே கேட்டது.

கருங்கல் கால் கட்டிலில் படுக்கவைத்தாள்.
கணுக்கால் மங்குஸ்தான் நிறத்துக்கு வந்தது.
மண்ணெண்ணெய் விளக்கைத் தூண்டி
பதிவேட்டை இழுத்து எழுதினாள்:
நாற்பது. அமிர்தகடேசன். ஆண். வயது 34.
அரசாங்கக் கிராணி.

"இது முறையில்லை மிஸ்ஸி,
நான் சோதிக்க வந்தவன்."
"வீங்கியிருக்கிறதா, இல்லையா?"
"வீங்கியிருக்கிறது."
"அவ்வளவுதான்."

இரவெல்லாம் அக்கரை விளக்குகள்
என் கால்மாட்டில் எரிந்தன.
எழுந்து நடந்தால் தொட்டுவிடலாம்.
எழத்தான் முடியவில்லை.

காலையில் படகுக்குள் தூக்கி உட்காரவைத்தார்கள்.
பாரத்தை மடியில் வைத்து
'மைல்' என்ற அச்செழுத்தை அடித்துவிட்டு
ஏழாவது கட்டத்தில் எழுதினேன்:

சாலை இல்லை.
நேற்று மாலை புறப்பட்டேன்.
இன்னும் போய்ச் சேரவில்லை.

மை காய்ந்தபோதும்
இரண்டு பேர் குறைந்தது.